ஆரு அனுப்பினது?

திருக்கோவிலிலயோ கல்முனையிலயோ படலையடியில ஒருத்தர் வந்து, "உங்கட மகன்தான் அனுப்பினவர், அந்தப் பையைத் தாங்க" என்றால் நாம உடனே தூக்கிக் குடுப்பமா? "நீங்க ஆரு?" என்றுதான் முதலில் கேட்போம். இந்தச் சின்னக் கேள்வியைக் கேட்கப் பழகுவதற்கு இணைய உலாவிகளுக்கு இருபது வருசம் போதவில்லை.

1995இல் நெட்ஸ்கேப் உலாவியோடு ஜாவாஸ்கிரிப்ட் வந்தது. ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் பக்கத்தை வாசிக்கக்கூடாது என்ற விதியும் பின்னாலேயே வந்தது. அதுதான் முதல் மதில்.

மதிலுக்கு மேலால எட்டிப் பார்க்க வந்தவைதான் நீட்சிகள். 2004இல் ஆரன் பூட்மன் பயர்பொக்ஸுக்காக 'கிரீஸ்மங்கி'யை உருவாக்கினார். எந்தத் தளத்தையும் நம்மட விருப்பத்துக்கு மாற்றலாம்! ஆனால் 2005இல் ஒரு பெரிய ஓட்டை வெளியானது. நீட்சியின் அதிகாரத்தைப் பக்கமே களவாக எடுத்து, கணினியிலுள்ள கோப்புகளை வாசிக்க முடிந்தது. முற்றத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் கதவு இல்லாததுதான் காரணம்.

இன்னொரு பக்கம், ஒரு பக்கத்துக்குள் வேறு தளத்தின் வரைபடம், வீடியோ எல்லாம் பதிக்கிற வழக்கம் பெருகியது. பதித்த பக்கமும் வெளிப்பக்கமும் பேசுவதற்கு, 2008இல் வந்த பயர்பொக்ஸ் 3 'போஸ்ட்மெசேஜ்' முறையைத் தந்தது. அனுப்பிய தளத்தின் பெயரை உலாவியே செய்தியில் குறித்துக் கொடுக்கும். அனுப்புகிறவர் அதில் பொய் எழுத முடியாது. ஆனா அந்தப் பெயரை வாசித்துப் பார்ப்பது நிரல் எழுதுபவரின் வேலை.

2010இல் குரோம் நீட்சிகளைத் திறந்துவிட்டபோது, அதில் வேலை செய்தவர்களில் பூட்மனும் ஒருவர். இந்தமுறை நீட்சியைத் துண்டாகப் பிரித்தார்கள். பக்கத்தைத் தொடும் பகுதி வேறு, பெரிய அதிகாரங்களை வைத்திருக்கும் பின்னணிப் பகுதி வேறு. நடுவில் செய்தி மட்டும்தான் போகும்.

அப்ப எல்லாம் சரியா? இல்லை. 2017 மார்ச்சில், கடவுச்சொற்களைப் பாதுகாக்கும் 'லாஸ்ட்பாஸ்' நீட்சியில் கூகுளின் ஆய்வாளர் டாவிஸ் ஓர்மண்டி ஒரு பிழை கண்டுபிடித்தார். பக்கத்தைத் தொடும் பகுதி, வந்த செய்தி ஆரிட்டயிருந்து என்று பார்க்காமல் அப்படியே உள்ளே கடத்தியது. கெட்ட தளமொன்று கடவுச்சொற்களையே எடுத்திருக்கலாம். நிறுவனம் விரைவாகத் திருத்திவிட்டது.

கதவு இருந்தது, காவலாளியும் இருந்தார், கேள்விதான் இல்லை.

நம்மட ஊர்க் கொமினிகேஷன் கடைகளில் ஒரே கணினியில் பலபேர் விண்ணப்பம் நிரப்புகிறோம், மின்னஞ்சல் திறக்கிறோம். அந்த உலாவியில் என்னென்ன நீட்சிகள் இருக்கு என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? "எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவை வாசிக்கவும் மாற்றவும்" என்று அனுமதி கேட்டால், 'சரி' அழுத்த முதல் நாமளும் ஒருக்கால் கேட்போம்: நீங்க ஆரு?