மாயாவியும் மெய்கண்டாரும்

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அமெரிக்காவில் 1974-இல் வெளிவந்தது. அதில் மந்திரவாதி ஒரே வகைதான். 1975-இல் பீட்டர் ஆரன்சன் என்ற ஆட்டக்காரர் தாமே ஓர் உட்பிரிவு எழுதினார்: பொய்த்தோற்றம் காட்டும் மாயாவி. 'ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ' இதழில் வந்த அது, 1978-இல் அதிகாரபூர்வ விதிநூலிலும் ஏறிவிட்டது!

அந்த ஆட்டத்தில் மாயத்தோற்றத்தை நம்பினால்தான் காயம்.

இதையே தமிழில் வடிவமைத்தால்? பெண்ணாடத்தில் பிறந்து, 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் அருளியவர் மெய்கண்டார். அவரது சைவ சித்தாந்தத்தில் மாயை பொய்யல்ல. பானைக்கு மண் போல, உலகுக்கு மூலப்பொருள். அப்படியானால் பெண்ணாடத்து மாயாவி உருவாக்கும் புலியை நம்ப மறுத்துத் தப்பிக்க முடியாது. அது கடிக்கும். மந்திரத்துக்கு விதி எழுதுபவர், முதலில் எது மெய் என்று முடிவு செய்தாக வேண்டும்.