அப்பாவின் ஹெரால்டும் ஆக்கர்மேன் என்ற பெயரும்

அப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கிறது. பழைய மெட்ராஸ்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத வண்டி. இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் நம்ம ஊர் வடிவம். 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. வண்டலூர் பக்கம் ஃபேக்டரி.

போன வருஷம் புது டயர் போட்டோம். சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே முன் டயர் ரெண்டும் வெளி ஓரத்தில் வழவழவென்று தேய்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் அலைன்மென்ட் செய்யும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் மெஷினில் ஹெரால்ட் என்ற பெயரே இல்லை. பையன் வேறு ஏதோ ஒரு காரைத் தேர்ந்தெடுத்தான், திரையில் எல்லாம் பச்சையாக வந்தது, பில் கொடுத்தான். டயர் மட்டும் தேய்ந்துகொண்டே இருந்தது. அப்பா சொன்னார்: "வித்துடலாம்டா. இத தெரிஞ்சவங்க யாரும் இப்ப இல்ல."

அது உண்மைதானா என்று பார்க்க உட்கார்ந்ததில் கிடைத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் பின்னாடி போக வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேரோட்டத்தில் தெருமுனை திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். தேரின் அச்சு திரும்பாது. முட்டுக்கட்டை போட்டு, வடம் பிடித்து, சக்கரத்தைப் பக்கவாட்டில் அரைத்து நகர்த்தித்தான் திருப்ப வேண்டும். ரெண்டு சக்கர மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. மாடு திரும்பினால் வண்டி திரும்பும். ஐரோப்பாவின் நாலு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவில் ஒரே ஆணியில் சுழலும். அதில் ஒரு ஆபத்து உண்டு. அச்சு திரும்பத் திரும்ப, வண்டி நிற்கும் அகலம் குறைந்துகொண்டே வரும். வேகமாகத் திருப்பினால் குடை சாய்ந்துவிடும்.

இதை யோசித்தவர்களில் ஒருவர் எராஸ்மஸ் டார்வின். சார்லஸ் டார்வினின் தாத்தா, மருத்துவர். நோயாளிகளைப் பார்க்க வருஷம் முழுக்க வண்டியில் அலைந்தவர். அச்சு அசையாமல் இருக்கட்டும், ரெண்டு முனையிலும் சக்கரங்கள் மட்டும் தனித்தனியாகத் திரும்பட்டும் என்று 1750-களின் கடைசியிலேயே ஒரு அமைப்பை உருவாக்கினார். வண்டி கவிழ்ந்து அடிபட்டதால்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. ஆனால் வண்டி விபத்தில் அவர் முழங்கால் சில்லு உடைந்தது 1768-இல். கண்டுபிடிப்பு அதற்குச் சுமார் 10 வருஷம் முந்தையது. கதையின் வரிசை ஒத்துவரவில்லை. காப்புரிமை எதுவும் அவர் எடுக்காததால் விஷயம் அப்படியே நின்றுபோனது.

அடுத்து மியூனிக். அங்கே அரசவைக்கு வண்டி கட்டிய கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் 1816 வாக்கில் இதே யோசனையைத் தனியாகச் செய்து முடித்தார். இங்கிலாந்தில் காப்புரிமை வாங்க அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. லண்டனில் இருந்த ருடால்ஃப் ஆக்கர்மேன் 1818-இல் அதை வாங்கினார், தன் பெயரில். ஆக்கர்மேன் ஏமாற்றுக்காரர் இல்லை. லண்டனில் படங்கள், பத்திரிகை, புத்தகம் என்று பெரிய பதிப்பாளர். அதற்கு முன் வண்டி வடிவமைப்பாளராக இருந்தவர். 1805-இல் அட்மிரல் நெல்சனின் இறுதி ஊர்வல வண்டிக்கு வடிவம் கொடுத்ததும் அவர்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவர் ஏஜென்ட் மட்டுமே. இன்றைக்கு உலகம் முழுக்க இன்ஜினியரிங் பாடப்புத்தகத்தில் 'ஆக்கர்மேன் ஸ்டீயரிங்' என்றுதான் இருக்கிறது. நானும் பி.இ. படிக்கும்போது அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன்.

லண்டன் வண்டிக்காரர்கள் அதைச் சீண்டவே இல்லை. 1873-இல் பிரான்சில் அமேதி போல்லே தன் நீராவி வண்டியில் முன் சக்கரங்களைத் தனித்தனி முளையில் திருப்பினார். 1878 வாக்கில் பாரிஸின் ஷார்ல் ஜான்தோ ஒரு எளிய விதியைச் சொன்னார்: ஒவ்வொரு சக்கரமும் திரும்பும் முளையையும் அதன் டை ராட் முனையையும் சேர்த்துக் கோடு போட்டுப் பின்னோக்கி நீட்டினால், ரெண்டு கோடும் பின் அச்சின் நடுவில் சந்திக்க வேண்டும். அப்போது உள்பக்கச் சக்கரம் அதிகமாகவும் வெளிப்பக்கச் சக்கரம் குறைவாகவும் திரும்பும். முளைகளுக்கு இடையிலான தூரம் வீல்பேஸில் பாதி என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டேன். உள் சக்கரம் 30 டிகிரி திரும்பினால் வெளிச் சக்கரம் சுமார் 24 டிகிரிதான் திரும்ப வேண்டும். ஜான்தோவின் விதி இதைத் தோராயமாகத் தரும். கார்ல் பென்ஸின் 1886 வண்டிக்கு மூணு சக்கரம் இருந்ததற்கு இதுவே காரணம்: நாலு சக்கரத்தைத் திருப்பத் திருப்தியான வழி அவரிடம் அப்போது இல்லை. 1893-இல்தான் இந்த முறைக்கு அவர் காப்புரிமை பெற்று நாலு சக்கரத்துக்கு வந்தார்.

சக்கரங்கள் தனித்தனியாகத் திரும்ப ஆரம்பித்ததும் ஒரு புதுப் பிரச்சனையும் கூடவே வந்தது. ஒரே அச்சில் இருந்தவரை ரெண்டு சக்கரமும் எப்போதும் இணையாக இருக்கும். இப்போது அந்த இணையை யாராவது வைத்துப் பராமரிக்க வேண்டும். வீல் அலைன்மென்ட் என்ற வேலை பிறந்தது இங்கேதான்.

ஹெரால்டில் அதை வீட்டிலேயே பார்க்கலாம். பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். வெறும் 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் வண்டி அது.

பாதி யோசனையை மாற்றியவர் அப்பா. நூல், சாக்பீஸ், தூக்குக்குண்டு எடுத்துவரச் சொன்னார். முதலில் டயர் காற்று, வீல் பேரிங் ஆட்டம், டை ராட் முனைகள் எல்லாம் பார்த்தோம். கீழே இருக்கும் ட்ரனியனுக்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். மேனுவலும் அதையே சொல்கிறது. பிறகு ஜாக்கி போட்டு, சக்கரத்தைச் சுற்றவிட்டு, டயர் நடுவில் சாக்பீஸால் ஒரு வளையக் கோடு. கீழே இறக்கி, வண்டியை முன்னே பின்னே தள்ளி, ஸ்டீயரிங்கை நேராக வைத்தோம். அச்சு உயரத்தில், டயரின் முன்பக்கம் கோட்டில் ஒரு புள்ளி. அங்கிருந்து தூக்குக்குண்டை விட்டுத் தரையில் குறித்து, ரெண்டு குறிக்கும் உள்ள தூரத்தை அளந்தோம். வண்டியை அரைச் சுற்று தள்ள, அதே புள்ளி பின்பக்கம் வரும். மறுபடி அளவு. அதே புள்ளியில் அளப்பதால் ரிம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கணக்கு தப்பாது.

முன்பக்கம் 8 மி.மீ. குறைவாக வந்தது. அதாவது சக்கரங்கள் உள்பக்கம் பார்க்கின்றன, டோ-இன். கொஞ்சம் டோ-இன் வேண்டும்தான். ஓடும்போது சாலையின் எதிர்ப்பு சக்கரங்களை வெளியே விரிக்கும், அப்போது அவை நேராகும். அதற்கு ஒன்றிரண்டு மி.மீ. போதும். 8 என்றால்? டயர் விட்டம் சுமார் 580 மி.மீ. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 7 மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. தேர்ச்சக்கரம் மாதிரி.

லாக் நட்டைத் தளர்த்தி, ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளாமல் அதன் கிளிப்பை விடுவித்து, ரெண்டு டை ராடையும் சம அளவில் திருப்பினோம். ஒன்றை மட்டும் திருப்பினால் ஸ்டீயரிங் கோணலாகிவிடும். ஒவ்வொரு முறையும் வண்டியைத் தள்ளி, அளந்து, மறுபடி. நாலாவது தடவையில் 2 மி.மீ. வந்தது. இரண்டு மாதமாக ஓட்டுகிறோம், புதுத் தேய்மானம் இல்லை.

"இது யார் சொல்லிக் கொடுத்தாங்கப்பா?" என்று கேட்டேன். எண்பதுகளில் தாம்பரத்தில் ஒரு மெக்கானிக், முன்பு ஸ்டாண்டர்ட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவராம். பெயர் எவ்வளவு யோசித்தும் அப்பாவுக்கு நினைவு வரவில்லை.

லாங்கன்ஸ்பெர்கருக்காவது ஏதோ ஒரு ஆவணத்தில் பெயர் இருக்கிறது. தாம்பரத்து மெக்கானிக்குக்கு அதுவும் இல்லை. அவருடைய முறையாவது இங்கே இருக்கட்டும் என்றுதான் வரிசையாக எழுதி வைத்தேன். வண்டியை விற்பது பற்றி அப்பா இப்போது பேசுவதில்லை.