பதிலி: ஆலை வாசலில் காத்திருந்தவர்கள்

பஞ்சாலை உள்ள ஊர்க்காரர்களுக்கு ‘பதிலி’ என்ற சொல்லைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிரந்தரத் தொழிலாளி ஒருவர் வேலைக்கு வராத நாளில் அவருடைய இயந்திரத்தின் முன்னால் நிறுத்தப்படுகிறவர் பதிலி. அவர் வந்துவிட்டால் இவருக்கு அன்றைக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. இந்தியிலும் மராத்தியிலும் ‘பத்லி’. நம்முடைய ‘பதில்’ என்ற சொல்லும் இந்த பத்லியும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை. அதனாலோ என்னவோ, தமிழ்நாட்டு மில்களுக்கு வந்தபோது அது வெளியூர்ச் சொல்லாகவே தெரியவில்லை.

பாடப்புத்தகத்தில் தற்காலிகத் தொழிலாளர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருப்பார்கள். பதிலிக்கு அதில் ஒரு வரி கிடைத்தால் அதிகம். ஆனால் பம்பாய்ப் பஞ்சாலைகளின் வரலாற்றைப் புரட்டினால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி நிற்கிறது. இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்பதே ஆலை வாசலுக்குப் போன பிறகுதான் தெரியும் என்கிற வேலையில் மனிதர்கள் ஐந்து வருடம், பத்து வருடம் எப்படி இருந்தார்கள்? ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை? வறுமை, வேறு வழியில்லை என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதி விடைதான். மீதிப் பாதி அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பம்பாயின் முதல் பஞ்சாலையை காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854-ல் தொடங்கினார், 1856-ல் அது ஓட ஆரம்பித்தது. பிறகு பரேல், லால்பாக், வொர்லி என்று வரிசையாகப் புகைபோக்கிகள். அந்தப் பகுதிக்கே மராத்தியில் ‘கிரண்காவ்’, அதாவது ஆலைக் கிராமம், என்று பெயர் வந்துவிட்டது. வேலைக்கு வந்தவர்களில் பெரும் பகுதியினர் கொங்கணக் கரையின் ரத்னகிரியிலிருந்தும் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள சாதாராவிலிருந்தும் வந்தவர்கள்.

இவர்களை வேலைக்கு எடுத்தது முதலாளியும் இல்லை, மானேஜரும் இல்லை. ‘ஜாபர்’ என்று ஒருவர். நம் ஊர் மேஸ்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் சேர்ப்பது, வேலை வாங்குவது, வெளியே அனுப்புவது எல்லாம் அவர்தான். அவர்களில் சிலர் கடனும் கொடுத்தார்கள், தங்க இடமும் பிடித்துக் கொடுத்தார்கள். காலையில் வாசலில் நிற்கும் கூட்டத்தில் அவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்கு அன்றைக்குச் சோறு. அந்தக் கைகாட்டலுக்கு ஒரு விலை உண்டு, பெயர் ‘தஸ்தூரி’. லஞ்சம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தஸ்தூரி என்றால் ‘வழக்கப்படி கொடுப்பது’ என்றுதான் பொருள்!

1928-ல் சுமார் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் ஏறக்குறைய ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறுவருடம் அமைக்கப்பட்ட விட்லி கமிஷன் 1931-ல் தந்த அறிக்கை ஜாபர்களின் அதிகாரத்தைக் கடுமையாகக் குறை சொன்னது. 1934-ல் மறுபடி ஒரு பெரிய வேலைநிறுத்தம். அதே வருடம் பம்பாய் அரசு தொழிலாளர் நல அதிகாரி என்று ஒரு பதவியை உருவாக்கியது. இதையெல்லாம் தொடர்ந்து 1935-ல் ஆலை முதலாளிகள் சங்கம் பதிலிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

திட்டம் எளிமையானது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் பதிலி அட்டை கொடுப்பார்கள். அட்டை வைத்திருப்பவர் தினமும் காலையில் ஆலைக்கு வந்து ஆஜர் ஆக வேண்டும். யாராவது வரவில்லை என்றால் அந்த இடம் அட்டைக்காரருக்குத்தான், வாசலில் நிற்கும் வேறு யாருக்கும் இல்லை. ஜாபரின் கையைக் கட்டிப்போட இது நல்ல வழி என்பதில் சந்தேகமில்லை. முன்பு ஆயிரம் பேர் முட்டிமோதிய இடத்தில் இப்போது ஒரு வரிசை, ஒரு ஒழுங்கு. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்த அட்டை இன்னொரு காரியத்தையும் சேர்த்துச் செய்தது. அட்டை இல்லாத காலத்தில் வாசலில் நின்றவருக்கு இழக்க எதுவும் இல்லை. இந்த ஆலையில் இல்லையென்றால் பக்கத்து ஆலை, அதுவும் இல்லையென்றால் துறைமுகம். அட்டை வந்த பிறகு அவரிடம் இழப்பதற்கு ஒரு பொருள் வந்துவிட்டது. பின்னாளில் பதிலிப் பட்டியலில் மூப்பு பார்க்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. கொள்கையளவிலாவது, நிரந்தரத் தொழிலாளி ஒருவர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ பட்டியலில் மூத்த பதிலிக்கு வாய்ப்பு. அதாவது காத்திருந்த ஒவ்வொரு மாதமும் கணக்கில் ஏறுகிறது. ஆனால் விட்டுப்போனால் அந்தக் கணக்கு பூஜ்யம்.

ரத்னகிரியிலிருந்து வந்த ஒரு பதிலியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். காலை ஷிப்ட் 7 மணிக்கு. அதில் கிடைக்கவில்லை என்றால் மதியம் 3.30 ஷிப்டுக்கு வந்து பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் நள்ளிரவு 12 மணி ஷிப்ட். ஒரு நாள் முழுக்க ஆலையைச் சுற்றியே ஓடிவிடும், கையில் ஒரு பைசா வந்திருக்காது. தங்குவது ஒரு சாலில், ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், ஷிப்ட் முறையில் தூக்கம். சாப்பாடு ‘கானாவள்’ நடத்தும் அம்மாவிடம் மாதக் கணக்கில். (இந்தக் கானாவள் பெண்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 1975-ல் பிரேமா புரவ் அவர்களை ஒன்றுசேர்த்து ‘அன்னபூர்ணா மகிளா மண்டல்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்.) வேலை 15 நாள் கிடைத்தாலும் சாப்பாடு 30 நாளைக்கும் வேண்டும். ஊருக்கு மணியார்டரும் போக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லலாமா தெரியவில்லை. ஆலைகளில் ஆள் வராமல் போவது அதிகம் கோடை மாதங்களில்தான். கல்யாணம், விதைப்புக்கு முன் நிலத்தைத் தயார் செய்வது என்று நிரந்தரத் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்போதுதான் பதிலிக்குத் தொடர்ந்து வேலை. பதிலிக்கும் அதே ஊர்தான், அதே கல்யாணம்தான், அதே நிலம்தான். அவருக்கு ஊருக்குப் போக வேண்டிய மாதத்தில் வேலை கிடைக்கும், எல்லோரும் திரும்பிவந்த மழைக்காலத்தில் வேலை இருக்காது. ஆக, போவதா இருப்பதா என்ற முடிவை அவர் ஒரே தடவை எடுக்கவில்லை. ஒவ்வொரு கோடையிலும் எடுத்தார்.

முதலாளிகள் தரப்பில் வெகுகாலம் ஒரு புகார் இருந்தது. இந்தக் கிராமத்து ஆட்களுக்கு ஆலை வேலையில் மனம் ஒட்டுவதில்லை, எப்போது பார்த்தாலும் ஊருக்கு ஓடுகிறார்கள் என்பது அந்தப் புகார். 1965-ல் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பற்றி நூல் எழுதிய மோரிஸ் டேவிட் மோரிஸ் இந்தக் கதையைப் பெரிதும் உடைத்தார். ஆலைகளுக்கு ஆள் பற்றாக்குறை இருந்ததே இல்லை என்பது அவர் வாதம். 1994-ல் வந்த நூலில் ராஜ்நாராயண் சந்தாவர்கர் இன்னும் ஒரு படி மேலே போனார். தொழிலாளி கிராமத்தை விடாததற்குக் காரணம் பழைய பாசம் மட்டும் இல்லை, நகரத்து வேலை நிலையில்லாமல் இருந்ததுதான் என்றார். வேலை இல்லாத மாதம் யார் சோறு போடுவது? ஆலை போடாது. ஊரில் இருக்கும் அரை ஏக்கரும் அம்மாவும் அண்ணனும்தான். மணியார்டர் ஊருக்குப் போனது என்பது சரி. ஆனால் பஞ்ச மாதங்களில் பதிலியைத் தாங்கியதும் ஊர்தான்.

வணிகவியல் படிப்பவர்கள் இதை அடக்கவிலைக் கணக்கின் கண்ணோடு பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தறி ஒரு ஷிப்ட் நின்றால் நஷ்டம், ஏனென்றால் வட்டியும் தேய்மானமும் தறி ஓடினாலும் நின்றாலும் உண்டு. அதற்குத் தயார்நிலையில் மாற்று ஆட்கள் வேண்டும். அந்த மாற்று ஆட்களை வைத்திருக்க ஆலைக்கு ஆகும் செலவு எவ்வளவு? கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஆலைக்குள் தொழிலாளி சும்மா நின்ற நேரத்தை வெட்டி நேரம் என்று தனித் தலைப்பில் கணக்கெழுதச் சொல்லித் தருகிறார்கள். வாசலில் பதிலி நின்ற நேரம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். 1953-ல் தொழில் தகராறுச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஆலையால் தற்காலிகமாக வேலை தர முடியாமல் போனால் தொழிலாளிக்குப் பாதிக் கூலியாவது தர வேண்டும் என்றது. பதிலிக்கு அது கிடையாது. ஆனால் கூடவே ஒரு விளக்கம்: ஒரு வருடத் தொடர் பணியை முடித்துவிட்டால், இந்தப் பிரிவைப் பொறுத்தவரை அவர் பதிலி அல்ல. தொடர் பணி என்றால் 12 மாதத்தில் 240 நாள் வேலை. சம்பளத்துடன் விடுப்பு பெறுவதற்கும் தொழிற்சாலைச் சட்டத்தில் அதே 240 தான் அளவுகோலாக வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 26 வேலை நாள் என்றால் வருடத்துக்கு 312. நிரந்தரத் தொழிலாளி 240-ஐச் சாதாரணமாகத் தாண்டிவிடுவார். மாதம் 15 நாள் மட்டும் வேலை கிடைத்த பதிலிக்கு வருடத்தில் 180 தான். அறுபது நாள் குறைகிறது. அவர் சோம்பேறி என்பதால் குறையவில்லை. 365 நாளும் வாசலுக்கு வந்தவருக்கும் 180 தான், ஏனென்றால் எத்தனை நாள் கூப்பிடுவது என்பது ஆலையின் கையில் இருந்தது. கதவு திறந்திருக்கிறது, படிதான் கொஞ்சம் உயரம்.

தமிழ்நாடு 1981-ல் இதைவிடப் பெரிய அடி ஒன்று எடுத்துவைத்தது. 24 மாதத்தில் 480 நாள் தொடர் பணி செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தனிச் சட்டமே இயற்றியது. பாதிக் கூலி, விடுப்பு என்று நிறுத்தாமல் நேராக நிரந்தரத்தையே கொடுத்த வகையில் இது பாராட்ட வேண்டிய சட்டம். ஆனால் 480-ஐ 24-ஆல் வகுத்தால் மறுபடி அதே மாதம் 20 நாள்!

இனி 1982-க்கு வருவோம். அந்த வருடம் ஜனவரி 18-ம் தேதி டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் பேர். கூலி உயர்வோடு சேர்த்து, பதிலிகளை நிரந்தரமாக்க வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. பதிலியின் நிலையில் நின்று இதைப் பார்க்க வேண்டும். வேலைநிறுத்தம் ஜெயித்தால் பத்து வருடக் காத்திருப்பு ஒரே நாளில் முடியும். தோற்றால் பட்டியலில் இருந்த இடமும் போகும். வேலைக்குப் போனால் சக தொழிலாளிகளின் முகத்தில் எப்படி விழிப்பது, தங்கும் அறையே அவர்களோடுதானே? கடைசியில் பதிலிகளும் பெருமளவில் வெளியே நின்றார்கள்.

எதிரே இருந்த சுவர் முதலாளிகள் மட்டும் இல்லை. 1946-ம் வருடத்துச் சட்டம் ஒன்றின்படி ஒரு ஊரில் ஒரு தொழிலுக்கு ஒரே சங்கத்துக்குத்தான் பிரதிநிதி அங்கீகாரம். அது ராஷ்ட்ரீய மில் மஸ்தூர் சங்கத்திடம் இருந்தது. சாமந்துடன் பேச மாட்டோம் என்று முதலாளிகள் சொல்ல அது போதுமானதாக இருந்தது. வருடம் ஒன்று ஓடியது. ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திரும்பினார்கள். வேலைநிறுத்தம் முடிந்தது என்று முறைப்படி யாரும் அறிவிக்கவே இல்லை, அது கரைந்துபோனது. 1983-ல் 13 ஆலைகளின் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. மற்றவை குறைந்த ஆட்களோடு திறந்தன, சில திறக்கவே இல்லை. இருபது வருடம் நிரந்தரமாக வேலை பார்த்தவரும் வாசலில் வந்து நின்று, இன்றைக்கு எடுப்பார்களா என்று கேட்க வேண்டியதாயிற்று. பதிலி நிரந்தரமாவதற்குப் பதில், நிரந்தரத் தொழிலாளி பதிலியானார்.

அப்படியானால் முன்பே விட்டுப்போனவர்கள் புத்திசாலிகளா? இப்போது உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது சுலபம். 1975-ல் ஒரு பதிலிக்குத் தெரிந்ததெல்லாம் தனக்கு முன்னால் சேர்ந்தவர்களில் சிலர் நிரந்தரமாகியிருக்கிறார்கள் என்பதுதான். அவர்கள் கண் முன்னால் இருந்தார்கள், பக்கத்துப் பாயில் படுத்திருந்தார்கள். விட்டுப்போய் நன்றாக இருந்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? தெரிந்ததை வைத்துப் பார்த்தால் இருந்தது தப்பான கணக்கு இல்லை. தொழிலே அங்கிருந்து போய்விடும் என்பது அந்தக் கணக்கில் வர வழியில்லை.

துணி நெய்யும் வேலை பெருமளவு பிவண்டியின் விசைத்தறிக் கூடங்களுக்குப் போனது. அங்கே பெரும்பாலும் வருகைப் பதிவேடே கிடையாது, அதனால் பதிலியும் கிடையாது. நிரந்தரம் என்று ஒருவர் இருந்தால்தானே அவருக்குப் பதில் இன்னொருவர்!

கிரண்காவின் ஆலை நிலங்களில் வணிக வளாகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்தன. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு அந்த நிலத்தில் ஒரு பங்கு தொழிலாளர் வீடுகளுக்கு ஒதுக்கப்பட்டது. 1982 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ ஆலைப் பதிவேட்டில் இருந்தவர்கள் அல்லது அவர்களுடைய வாரிசுகள் விண்ணப்பிக்கலாம் என்று விதி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். 2012 ஜூனில் குலுக்கல் நடந்தபோது இருந்த வீடுகள் 6,925. விண்ணப்பத்தோடு ஆலையில் வேலை பார்த்ததற்கான ஆதாரம் வைக்க வேண்டியிருந்தது. சம்பளச் சீட்டோ, வருங்கால வைப்பு நிதிச் சீட்டோ, பழைய அடையாள அட்டையோ, முப்பது வருடமாக ஊரில் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த ஏதாவது ஒரு காகிதம்.