1918 காய்ச்சலும் 'உபரி' ஆட்களும்



1921-ஐப் பாடப்புத்தகத்தில் 'பெரும் பிரிவினை ஆண்டு' என்று போட்டிருப்பார்கள். ஒரு மதிப்பெண் கேள்வி. பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். 1911-இல் சுமார் 25.2 கோடியாக இருந்த இந்திய மக்கள்தொகை 1921-இல் 25.1 கோடியாகக் குறைந்தது. அதன்பின் எந்தக் கணக்கெடுப்பிலும் குறையவில்லை.

குறைந்ததற்கு முக்கியக் காரணம் 1918-இல் வந்த இன்ஃப்ளூயன்சா காய்ச்சல். ஜூனில் பம்பாயில் தொடங்கி, செப்டம்பருக்குப் பிறகு கிராமம் கிராமமாகப் பரவியது. சாவைப் பதிவு செய்ய வேண்டியவர்களே படுத்துவிட்டார்கள், அதனால் 1.2 கோடி என்பாரும் உண்டு, 1.8 கோடி என்பாரும் உண்டு. ஏர் பிடிக்கிற, நாற்று நடுகிற வயதுக்காரர்கள்தான் அதிகம் மாண்டார்கள். அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்தது.

இந்தச் சாவுகளை வைத்துப் பிற்காலத்தில் பொருளாதார அறிஞர்கள் பெரிய வாதம் நடத்தினார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

ஏழை நாடுகளில் விவசாயத்தில் தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள், சிலரை ஆலைக்கு அழைத்துக்கொண்டாலும் விளைச்சல் குறையாது என்று 1954-இல் ஆர்தர் லூயிஸ் எழுதினார். நாம் 'மறைமுக வேலையின்மை' என்று நடத்துவோமே, அதுதான். தொழில்மயமாக்கத் திட்டங்களுக்கு இந்தக் கருத்து பெரிய துணையாக இருந்தது.

சிகாகோ பேராசிரியர் தியோடர் ஷுல்ட்ஸ் 1964-இல் இதை மறுத்தார். 1918-இல் இந்திய விவசாய உழைப்பாளிகளில் சுமார் 8 சதவீதம் பேர் போய்விட்டார்கள். உபரி ஆட்கள் இருந்திருந்தால் நிலம் தரிசாகக் கிடந்திருக்காதே என்றார். வறட்சி ஆண்டை விட்டுவிட்டு 1916-17-ஐயும் 1919-20-ஐயும் ஒப்பிட்டார். விதைத்த பரப்பு 3.8 சதவீதம் குறைந்திருந்தது.

1967-இல் அமர்த்தியா சென் பதில் எழுதினார். ஒரு வீட்டில் நாலு பேரில் ஒருவர் ஆலைக்குப் போனால் மற்ற மூவர் அவர் வேலையையும் பார்த்துக்கொள்வார்கள். கொள்ளைநோய் அப்படியா ஆள் எடுக்கும்? ஒரு வீடு அடியோடு போகும், பக்கத்து வீடு தப்பிக்கும். போன வீட்டு நிலத்தில் யார் உழுவது? அவர் வாதத்தின் சாரம் இதுதான்.

எனக்குச் சென் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. வயல் ஒருவர் பெயரில் இருக்கும்போது, ஊரில் சும்மா இருக்கிற கை தானாக அங்கே போய்விடாது. ஷுல்ட்ஸையும் தள்ளிவிட முடியவில்லை. 'உபரி' என்று எழுதப்பட்டவர்களை ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க வைத்தவர் அவர்.

1979 பொருளாதார நோபல் பரிசை லூயிஸுக்கும் ஷுல்ட்ஸுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். சென்னுக்கு 1998-இல் கிடைத்தது.