யானை பேசுவது காதில் விழாது... ஆனா நெஞ்சு அதிரும்! எப்படி?

ஊர்த் திருவிழாவில் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? என்ன பாட்டு என்று புரிவதற்கு முன்பே நெஞ்சுக்கூடு 'தும் தும்' என்று அதிரும். 1984-ல் கேட்டி பெயின் என்ற அமெரிக்க ஆய்வாளருக்கு அதே மாதிரி ஓர் அதிர்வு கிடைத்தது. ஆனால் அங்கே ஸ்பீக்கரும் இல்லை, பாட்டும் இல்லை. போர்ட்லாந்து நகர மிருகக்காட்சிசாலையில், ஆசிய யானைகளுக்கு முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

அதற்கு முன் பல வருடங்கள் திமிங்கிலங்களின் பாட்டை ஆராய்ந்தவர் அவர். சின்ன வயதில் சர்ச் பாடகர் குழுவில் நின்றபோது, ஆர்கனின் பெரிய குழாயிலிருந்து வரும் அடித்தொனி இப்படித்தான் உடம்பை அதிர வைக்கும் என்பது ஞாபகத்துக்கு வந்தது. 'நமக்குக் கேட்காத குரலில் இந்த யானைகள் பேசிக்கிட்டு இருக்குமோ?' திரும்பவும் கருவிகளோடு போய்ப் பதிவு செய்தார். டேப்பை வேகமாக ஓடவிட்டால், உள்ளே அத்தனை பேச்சு! கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு யானை, அந்தப் பக்கம் ஒரு யானை நின்று பேசியதுகூடப் பதிவாகியிருந்தது.

அந்தக் குரல்களின் அதிர்வெண் சுமார் 14 முதல் 24 ஹெர்ட்ஸ். நம் காது சுமார் 20 ஹெர்ட்ஸில் கதவைச் சாத்திவிடும். அதற்குக் கீழே இருப்பதைப் பள்ளியில் 'குற்றொலி' என்று படித்திருப்பீர்கள். 'அந்த டேப்பை என் போன்ல கேட்கலாமா?' என்றால், முடியாது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தக் குட்டி ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. இணையத்தில் யானைகளின் குற்றொலி என்று காதில் விழுவது வேகம் கூட்டிய பதிவாக இருக்கலாம்.

எதுக்கு இவ்வளவு தாழ்ந்த குரல்?

காரணம், தூரம். கீச்சுக் குரல் காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும், இலைதழைகளில் பட்டுச் சிதறிவிடும். 17 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலையே 20 மீட்டர் நீளம். அதுக்கு மரமெல்லாம் ஒரு தடையே இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடும்.

யானைக்கு இது வாழ்வா சாவா விஷயம். வளர்ந்த ஆண் யானைகள் பெண்களின் கூட்டத்தோடு இருப்பதில்லை, தனியாகச் சுற்றும். பெண் யானையோ நான்கைந்து வருடங்களுக்கு ஒருமுறை, அதுவும் சில நாள்கள்தான் இணைசேரத் தயாராக இருக்கும். அந்தச் சில நாள்களுக்குள் தகவல் போய்ச் சேராவிட்டால், அடுத்த வாய்ப்புக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தூரத்துக்குக் கேட்கிற குரல் உள்ள யானைக்குத்தான் குட்டி. பரிணாமம் வேலை செய்வது இப்படித்தான்.

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். பதிவு செய்த பெண் யானையின் குரலை 2 கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட, சில ஆண் யானைகள் அந்தத் திசையில் நடையைக் கட்டிவிட்டன. அந்த ஸ்பீக்கரால் யானையின் முழுச் சத்தத்தில் பாதியைத்தான் எழுப்ப முடிந்தது. அப்படியானால் நிஜக்குரல் 4 கிலோமீட்டராவது எட்டும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும், மேலே இருக்கும் சூடான காற்று ஒலியை மறுபடி கீழ்நோக்கி வளைத்துவிடும். அந்த நேரத்தில் 10 கிலோமீட்டர் வரை போகலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இந்தக் குரல் எப்படி உண்டாகிறது என்பதில் ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. தசையைத் துடிக்க வைத்து எழுப்புகிறதா, இல்லை நாம் பேசுவதுபோல மூச்சுக்காற்றாலா? பெர்லினில் இயற்கையாக இறந்துபோன ஓர் ஆப்பிரிக்க யானையின் குரல்வளையை எடுத்து, அதற்குள் காற்றை ஊதிப் பார்த்தார்கள் வியன்னா ஆய்வாளர்கள். 2012-ல் முடிவு வெளியானது. மூளையும் இல்லை, நரம்புக் கட்டளையும் இல்லை, ஆனாலும் குற்றொலி வந்தது! அதாவது, நீங்களும் நானும் பேசுகிற அதே டெக்னிக்தான். குரல் நாண்கள்தான் ரொம்பப் பெருசு.

உடம்பு பெருசாக இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? குறுக்கு வழிதான். சுமார் 8 கிலோ எடையுள்ள கோலா, குரல்வளைக்கு வெளியே தனியாக ஒரு ஜோடி மடிப்புகளை வைத்துக்கொண்டு, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத கனத்த குரலில் உறுமும். தென் அமெரிக்காவின் ஹவ்லர் குரங்குக்குத் தொண்டை எலும்பே உப்பிய கூடுபோல இருக்கும், சத்தத்தை அது பெருக்கிக் கொடுக்கும்.

கடலுக்குள் என்ன பிரச்னை?

திமிங்கிலங்களின் முன்னோர்கள் நிலத்தில் நடந்த பாலூட்டிகள். கடலுக்குள் போனபின் ஒரு சிக்கல்: மூச்சை வெளியே விட்டுப் பேசினால், அடுத்த வார்த்தைக்குக் காற்றுக்கு எங்கே போவது? பல்லில்லாத பலீன் திமிங்கிலங்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி 2024-ல்தான் தெளிவானது. டென்மார்க் ஆய்வாளர்கள், கரையொதுங்கி இறந்த மூன்று திமிங்கிலங்களின் குரல்வளையில் காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். உள்ளே 'U' வடிவில் ஒரு கட்டமைப்பு, எதிரே கொழுப்பு மெத்தை. அது இதன்மேல் அழுந்தி அதிரும்போது குரல் வருகிறது. காற்றை வெளியே விடாமல் உள்ளேயே சுற்றவிட்டுக்கொள்ளலாம்.

தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றைவிட நாலு மடங்குக்கும் மேல். கப்பல் எஞ்சின்கள் வருவதற்கு முந்தைய அமைதியான கடலில், ஃபின் திமிங்கிலத்தின் 20 ஹெர்ட்ஸ் குரல் பல நூறு கிலோமீட்டர் தாண்டியும் கேட்டிருக்கும் என்று 1971-லேயே ரோஜர் பெயினும் டக்ளஸ் வெப்பும் எழுதினார்கள்.

இன்று அதே அலைவரிசையில்தான் கப்பல்களின் இரைச்சல். 'கொஞ்சம் குரலை மாத்திக்க வேண்டியதுதானே?' என்று கேட்கத் தோன்றும். அந்தக் குரல்வளையால் சுமார் 300 ஹெர்ட்ஸுக்கு மேல் போக முடியாது, 100 மீட்டர் ஆழத்துக்குக் கீழே பேசவும் முடியாது என்கிறது 2024 ஆய்வு. கப்பல் சத்தம் அதிகம் இருப்பதும் அந்த அலைவரிசையில், அந்த ஆழத்தில்தான்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாள்கள் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்துபோனது. கடலுக்கடியில் இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அங்கே ரைட் திமிங்கிலங்களின் கழிவை ஏற்கெனவே சேகரித்துக்கொண்டிருந்தார்கள் ஆய்வாளர்கள். அந்த நாள்களில் எடுத்த மாதிரிகளில் மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. அடுத்தடுத்த வருடங்களில், இரைச்சல் அப்படி இறங்காத அதே பருவத்தில், அந்தக் குறைவைப் பார்க்க முடியவில்லை.