மல்லாட்டைக் கொல்லையில் ஏனம்

தாத்தா கடைசியாகக் காட்டுப்பன்றிக் கறி தின்றது 1960-களின் நடுவில். செங்கத்துக்கு வடக்கே, ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். "நல்லா இருக்குமா தாத்தா?" என்று கேட்டால் எரிச்சல் வரும் அவருக்கு. "எந்தப் பன்னின்னு கேளுடா."

கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும் பெரிய ஆண் பன்றி என்றால் தொடாதே என்பார். கொழுப்பு மூத்திர வாடை அடிக்கும், எத்தனை மிளகு அரைத்துப் போட்டாலும் போகாது. கார்த்திகை அறுப்பு சமயத்தில், மல்லாட்டை தின்று கொழுத்த நடுவயதுப் பெட்டைதான் கறி. ஈட்டியோடு பத்துப் பேர், முன்னால் நாய்கள், காட்டு விளிம்பில் கட்டிய வலை. பெரிய ஆணை விரட்டுவது வீம்புக்கு. பெட்டையைப் பிடிப்பது வயிற்றுக்கு.

அவர் சொன்ன வாடைக்கு இன்று பெயர் இருக்கிறது. வளர்ந்த ஆண் பன்றியின் கொழுப்பில் தங்கும் ஆண்ட்ரோஸ்டினோன், ஸ்கேடோல் என்ற இரண்டு பொருட்கள்தான் காரணம். வீட்டுப் பன்றியின் ஆண் குட்டிகளுக்கு விதையடிப்பதே முக்கியமாக இதனால்தான். 100 கிலோவைத் தாண்டிய ஒற்றைப் பன்றியை வீழ்த்தியவன் வீரன், ஆனால் அவன் வீட்டுச் சட்டி நாறும்! தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பன்றியோடு மோதி இறந்தவர்களுக்கு 'பன்றி குத்திப் பட்டான் கல்' என்று நடுகல்லே இருக்கிறது. கல்லில் பன்றி ஆளுக்குச் சமமாக நிற்கும். கறியைப் பற்றி ஒரு எழுத்து இருக்காது.

கறியைப் பற்றிப் பேசுவது மலைபடுகடாம். பத்துப்பாட்டில் அது எங்கள் ஊர்ப்பாட்டு. செங்கண்மா என்ற செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறது. அதில் வரும் நவிரமலை இன்றைய பர்வதமலை என்பார்கள். கல்லூரியில் பாடமாக வந்தபோது எனக்கு மன்னனும் யாழும் மனதில் நிற்கவில்லை. பன்றிகள் நின்றன. தினைப்புனத்தை அழிக்கும் கேழலுக்குப் பயந்து அவை நுழையும் வழியெல்லாம் கல்பொறி வைத்திருக்கிறார்கள், இருட்டில் போகாதே, விடிந்தபின் போ என்கிறார் புலவர். பன்றியை விரட்டப் பறை அடிக்கிறார்கள், அதற்குப் பன்றிப்பறை என்றே பெயர். இருட்டை வெட்டிப் போட்டதுபோல் செத்துக் கிடக்கும் ஏனத்தைக் கண்டால், காய்ந்த மூங்கில் உரசிப் பிறந்த நெருப்பில் புகைவாடை ஏறாமல் வாட்டித் தின்னுங்கள் என்றும் சொல்கிறார். புகைவாடை ஏறக்கூடாது! தாத்தாவும் இதையேதான் சொல்வார். "வைக்கோல போட்டு மயிர மட்டும் வாட்டணும், கறி மேல பொக படக் கூடாது." அவர் மலைபடுகடாம் படித்தவரில்லை, கையெழுத்து மட்டும் போடுவார்.

திருவண்ணாமலைக்குப் போனால் பன்றி சாமியாகிவிடும். அடி தேடி மண்ணைக் குடைந்து போன திருமால் வராகம் லிங்கோத்பவர் சிற்பத்தின் காலடியில் இருக்கிறது. அதே கோயிலின் கார்த்திகை தீபத் திருவிழாவில், ஆறாம் நாள் அறுபத்து மூவர் வீதியுலா. பள்ளிக்கூடப் பையன்கள் தோளில் சுமந்து வருவார்கள். எட்டாம் வகுப்பில் நானும் சுமந்தேன். என் தோளில் யார் இருந்தார் என்று ஞாபகமில்லை. எனக்கு முன்னால் போனவர் கண்ணப்பர்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் அவர் கதையிலும் வேட்டை வருகிறது. வலையை அறுத்து ஓடிய பன்றியைத் திண்ணன் துரத்திப் போய்ச் சுரிகையால் வெட்டுகிறான், காடன் தீ மூட்டுகிறான். பிறகு திண்ணன் கறியை அம்பில் கோத்து வாட்டி, துண்டு துண்டாகப் பல்லால் அதுக்கிப் பார்த்து, நல்லதை மட்டும் காளத்தி நாதருக்கு எடுத்து வைக்கிறான். எந்தத் துண்டு தேறும், எது தேறாது என்ற தாத்தாவின் கேள்வி அங்கே பூசையாகிவிட்டது. நாங்கள் கண்ணப்பரைச் சுமந்த மாதத்தில் பாதி ஊர் கறி தொடாது, அது வேறு கதை.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டையாடிய காட்டுப்பன்றி அரசுச் சொத்து, கறி வைத்திருந்தால் வழக்கு. அந்தச் சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். அவுட்டுக்காய் கடித்து வாய் கிழிந்த யானைகளின் படத்தைப் பார்த்தவன் சொல்லமுடியாது. ஆனால் மாமாவின் ஒரு ஏக்கர் மல்லாட்டையில் ஒரே ராத்திரியில் கால் பங்கு போனபோது நான் அங்கேதான் இருந்தேன். பன்றி செடியைத் தின்பதில்லை, மூக்கால் உழுது வேரோடு புரட்டிப் போட்டுக் காயை மட்டும் பொறுக்கும். காலையில் பார்த்தால் கோணல் ஏர் ஓட்டினதுபோல் இருந்தது.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடவேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. மாமாவின் கொல்லை காப்புக்காட்டு எல்லைக் கல்லிலிருந்து அரை கிலோமீட்டர்.

ஜெர்மனியில் வேட்டையாடிய ஒவ்வொரு காட்டுப்பன்றியின் தசையையும் நுண்புழுவுக்காகப் பரிசோதித்த பிறகுதான் சமையலுக்கு விடுகிறார்கள். அங்கே தின்னலாமா என்பது ஆய்வகத்தின் கேள்வி, இங்கே அது போலீஸ் ஸ்டேஷனின் கேள்வி. நடுவில் ஒரு வழி இருக்கக்கூடாதா என்று மாமாவிடம் கேட்டேன்.

"கறி யாருக்குடா வேணும், காய் வந்தா போதும்" என்றார்.

அந்த வாரம் கொட்டகையில் ஒரு சுருள் கட்டுக்கம்பி கிடந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. திருட்டு மின்வேலியில் சிக்கிப் பக்கத்துக் கொல்லைக்காரரோ தண்ணி பாய்ச்சப் போன பையனோ செத்த செய்தி வராத வருடமில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அத்தை அந்தக் கம்பியைத் துணி காயவைக்கும் கொடியாக வாசலில் இழுத்துக் கட்டியிருந்தார். மாமா ஒன்றும் பேசவில்லை. பரண்மேலிருந்த பழைய சேலைகளை எடுத்து வரச் சொன்னார். வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று வரப்பைச் சுற்றிக் கட்டினோம். ராத்திரி காற்றில் அவை படபடத்தன. பத்து மணிக்கு மாமா தகரத்தை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்.