கோழிப் பாதக்கட்டி

கோழிப் பாதக்கட்டி என்பது, கோழியின் உள்ளங்காலில், விரல்கள் நான்கும் வந்து கூடும் இடத்தில் மெத்தென்று தடித்திருக்கும் பகுதியின் தோல் தேய்ந்தோ கீறுண்டோ போக, அந்தச் சிறு வழியே கிருமிகள் புகுந்து, உள்ளே சீழ் கட்டி இறுகி, நாளடைவில் பாதம் முழுவதையும் வீங்கச் செய்யும் நோயாகும். கால்நடை மருத்துவர்கள் இதனைப் பம்பிள்ஃபுட் என்று குறிப்பிடுவர். கோழிக்கு மட்டுமே உரிய வியாதி அன்று இது. வான்கோழி, வாத்து ஆகியவற்றிடமும், மிருகக்காட்சிச் சாலைகளில் வளரும் பென்குயின்களிடமும், வேட்டைக்கென்று பழக்கப்பட்ட வல்லூறுகளிடமும் காணப்படுவது. ஆயின், சுயேச்சையாகத் திரியும் காட்டுப் பறவைகளிடம் அபூர்வமாகவே காணப்படுவது. மனிதன் பறவைக்கு அமைத்துக் கொடுத்த தரையும் கம்பும் கூண்டுமே இந்நோய்க்கு மூலகாரணம் என்பதை இவ்வொரு விஷயமே போதிய அளவு விளக்கிவிடுகிறது.

கட்டியில் பெரும்பாலும் அகப்படும் கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்பது. ஸ்காட்லாந்தில் ஆபர்டீன் நகரத்து அறுவை மருத்துவராகிய அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880-ஆம் ஆண்டில் மனிதருடைய சீழ்க்கட்டிகளில் கண்டு விவரித்த கிருமி இனத்தைச் சேர்ந்தது அது. 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினின் சக்தியை முதன்முதலில் கண்டுகொண்டதும், பூஞ்சை விழுந்து கெட்டுப்போன ஒரு ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்ப்புத் தட்டிலேதான் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. இக்கிருமி நோயுற்ற கோழியிடம் மட்டும் இருப்பதன்று. ஆரோக்கியமான கோழியின் தோலிலும், கொட்டிலின் புழுதியிலும், வளர்ப்பவருடைய கையிலும் மூக்கிலுங்கூட ஒரு தீங்கும் செய்யாமல் வாசம் செய்வது. ஆகவே கிருமியை அடியோடு ஒழித்துவிடலாம் என்று மருந்து தெளித்துக்கொண்டிருப்பது வீண் சிரமம். அது உள்ளே புகுவதற்கு வாசல் எப்படித் திறந்தது என்று ஆராய்வதே விவேகம்.

வாசல் பல விதமாகத் திறக்கும். இராத் தங்குவதற்கு உயரமான கம்பில் ஏறும் கோழி, விடியற்காலையில் தன் சரீர பாரம் முழுவதையும் இரண்டு உள்ளங்கால்களில் தாங்கிக் கடினமான தரையில் குதிக்கிறது. நாள்தோறும் இவ்வாறு நேரும்போது, வெளியே காயம் தெரியாமலே உட்தசை நசுங்கி இரத்தவோட்டம் குன்றுகிறது. பெருவிடைச் சேவல் போன்ற கனத்த இனங்களும், தீனி மிகுந்து உலாவ இடமின்றிக் கொழுத்த கோழிகளும் இத்துன்பத்துக்கு எளிதில் இரையாவதன் காரணம் இதுவே. கிராமப்புறங்களில் சீமைக்கருவேல முள்ளும், உடைந்த கண்ணாடிச் சில்லும், நகரங்களில் மொட்டைமாடிச் சிமெண்டுத் தரையின் சொரசொரப்பும், கூண்டின் அடியில் அடித்த கம்பி வலையும் அதே தீங்கைச் செய்கின்றன. மழைக்காலத்தில் கொட்டிலில் பரப்பிய உமியும் மரத்தூளும் எச்சத்தோடு கலந்து ஈரமாகிக் கிடந்தால், அதிலிருந்து எழும் அமோனியா உள்ளங்காலின் தோலை ஊறவைத்து அரித்துவிடும். உணவில் வைட்டமின் ஏ, பயோட்டின் ஆகியவை குறைந்தாலும் தோல் தன் உறுதியை இழக்கும். அரிசியும் குருணையுமே ஆகாரமென்று இருக்கும் கோழிகளிடம் இந்தக் குறையைச் சந்தேகிக்க இடமுண்டு.

நோயின் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பது சுலபமன்று. பிற பிராணிகளுக்கு இரையாகும் ஜந்துக்கள் தம் வேதனையை மறைத்துக்கொள்ளும் சுபாவம் உடையவை, கோழியும் அப்படியே. முதலில் உள்ளங்காலில் சற்றே சிவப்பும், தோல் வழக்கமான வரிகளை இழந்து பளபளப்பதும் மாத்திரமே தெரியும். பிறகு பயறளவு வீக்கம் தோன்றி, அதன் நடுவே கறுத்த வட்டமான பொருக்கு ஒன்று உண்டாகும். இந்தப் பொருக்கே நோயின் முத்திரை எனலாம். தொட்டால் சூடாக இருக்கும். கோழி கம்பில் ஏறத் தயங்கும், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், மற்றவை மேயப் போனபின்னும் படுத்தே கிடக்கும், முட்டையும் குறையும். அலட்சியம் செய்தால் வீக்கம் விரல்களுக்கிடையே பரவி, தசைநாண்களையும் மூட்டையும் எலும்பையும் பற்றும். இரத்தத்தில் கலந்த கிருமி இருதயத்தின் வால்வுகளைத் தாக்கி உயிரை மாய்ப்பதும் உண்டு.

இங்கே பறவைகளின் சீழைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். சிகிச்சையில் நேரும் தவறுகளிற் பெரும்பாலானவை இதனை அறியாமையால் விளைபவை. மனிதருக்கும் ஆடுமாடுகளுக்கும் உண்டாகும் கட்டி, சில நாளில் பழுத்து உடைந்து, சீழ் திரவமாக ஒழுகிவிடுகிறது. பறவைகளின் உடலில் கிருமிகளை எதிர்த்துப் போராடும் ஹெட்டரோஃபில் என்னும் வெள்ளணுக்களிலோ, மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி கிடையாது. ஆதலால் அவற்றின் சீழ் இளகுவதில்லை, மஞ்சள் கலந்த வெண்ணிறத்தில் உலர்ந்து, அடர்ந்து, கடினமான ஒரு திரளாக நின்றுவிடுகிறது. சுற்றியுள்ள தசை அதற்கு ஓர் உறையும் கட்டிவிடுவதால் இரத்தத்தின் வழியே செல்லும் மருந்து உள்ளே எட்டுவதும் அரிதாகிறது. எனவே, பழுக்கட்டும் என்று காத்திருப்பதும், பழுத்துவிட்டது என்று எண்ணிப் பிதுக்குவதும் ஒருங்கே பிழையாகும். பிதுக்கும்போது சீழ் வெளியே வருவதற்குப் பதிலாக, உறை கிழிந்து ஆழத்துத் தசைக்குள் தள்ளப்படுகிறது.

பொருக்கு மட்டுமே தோன்றி வீக்கம் பெரிதாகாத நிலையில் வீட்டுச் சிகிச்சையே பெரும்பாலும் போதுமானது. கோழியைத் தனியே பிரித்து, சுத்தமான உலர்ந்த வைக்கோலோ மரச்சீவலோ கனமாகப் பரப்பிய இடத்தில், கம்பு இல்லாமல் வைக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பைக் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிஷம் பாதத்தை அதில் அமிழ்த்தி வைத்தால், அழுக்கு நீங்கிப் பொருக்கு மெதுவாகும். அந்நீர் பேதியாக்கும் தன்மையது ஆகையால் கோழி அதைக் குடிக்காமல் பார்த்துக்கொள்வது அவசியம். பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்தி, போவிடோன் அயோடினை வெளிர்பழுப்பு நிறம் வருமளவு நீரில் கலந்து கழுவி, புண்ணில் ஒட்டாத வலைத்துணியை வைத்துக் கட்ட வேண்டும். பாரம் புண்ணின்மேல் நேரே விழாதபடி, குடம் சுமக்கும் பெண்கள் தலையில் வைக்கும் சும்மாட்டைப் போலப் பஞ்சையும் துணியையும் சுருட்டி வளையமாக்கி, புண் நடுவில் அமையுமாறு வைத்துக் கட்டுவது மிகவும் பயன் தரும். கட்டு விரல்களுக்கிடையே மாறி மாறிச் சென்று கணைக்காலில் முடியலாம். ஆனால் விரல்கள் வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுகிவிட்டதென்று அறிந்து உடனே அவிழ்க்க வேண்டும். தினந்தோறுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ கட்டை மாற்றுவதும், நனைந்தால் அப்போதே மாற்றுவதும் முறை. ஹைட்ரஜன் பெராக்சைடை நுரை பொங்குகிறதே என்ற திருப்திக்காகத் திரும்பத் திரும்ப ஊற்றுவோர் உண்டு. அது புதிதாக வளரும் தசையையும் அழித்து, ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பூசும் நம் நாட்டு வழக்கத்தைப் பற்றியும் கேட்பதுண்டு. அவ்விரண்டும் ஓரளவு கிருமிகளை அடக்கும் குணமுடையவை; மேலோட்டமான புண்ணில் தீங்கில்லை, ஈ மொய்ப்பதையும் வேப்பெண்ணெய் தடுக்கும். உள்ளே இறுகிய கட்டியை அவை கரைக்கும் என்று நம்பி மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பது, எலும்புக்கு நோய் பரவ அவகாசம் தருவதே ஆகும்.

வீக்கம் பெரிதாகி, உள்ளே கெட்டியான திரள் கைக்குத் தட்டுப்படும் நிலையில் அதனை அறுத்து எடுப்பதன்றி வேறு வழியில்லை. இதனைச் சவரத் தகட்டைக் கொண்டு வீட்டிலேயே செய்துவிடும் துணிச்சல் பல வளர்ப்போரிடம் காணப்படுகிறது. அதை எவ்விதத்திலும் ஆதரிப்பதற்கில்லை. உள்ளங்காலில் தசைநாண்களும் இரத்தக்குழாய்களும் மிக நெருங்கி அமைந்திருக்கின்றன. கோழிக்கு வலியும் நமக்கு உள்ளது போன்றே உண்டு. மரத்துப்போகும் மருந்தின் அளவு சிறிது மிகுந்தாலும் பறவைகளுக்கு அது விஷமாகும். கால்நடை மருத்துவர் தக்க மயக்க முறையில் கட்டியை நீக்கி, தேவையானால் சீழைப் பரிசோதனைக்கு அனுப்பி, எந்த நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துக்கு அக்கிருமி அடங்கும் என்று தெரிந்து அதைக் கொடுப்பார். பெனிசிலினுக்கு அடங்காத வகைகள் இன்று ஏராளமாகப் பரவியுள்ளமையால், மருந்துக்கடையில் எதையேனும் வாங்கிக் குடிநீரில் கலப்பது பயனற்றது மட்டுமன்று, அபாயமும் ஆகும். அறுவைக்குப் பின் புண் அடியிலிருந்து தசை நிரம்பி மேலே வரச் சில வாரங்கள் பிடிக்கும்.

நொண்டும் கோழிக்கெல்லாம் பாதக்கட்டியே என்று முடிவு கட்டலாகாது. ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் 1907-இல் விவரித்த மாரெக் நோயில் நரம்பு பாதிக்கப்பட்டுக் கால் விறைத்து நீளும். செதில் பூச்சியால் கணைக்காலின் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரக்கும். மைக்கோப்பிளாஸ்மாத் தொற்றில் கணுவும் பாதமும் வீங்கினாலும் கறுத்த பொருக்கு இராது.

கால் ஆறிய கோழியைப் பழைய கொட்டிலுக்கே திருப்பியனுப்பினால் நோயும் திரும்பி வரும். கனத்த கோழிகளுக்குக் கம்பின் உயரம் ஒன்றரை அடிக்கு மேற்படாமலும், அகலம் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமலும், ஓரங்கள் மழுங்கியும் இருக்க வேண்டும். கீழே விழும் இடத்தில் மெத்தென்ற பரப்பு வேண்டும். ஈரமானதை அவ்வப்போது வாரி எறிந்து புதியது போட வேண்டும். முருங்கைக் கீரையும் மஞ்சள் மக்காச்சோளமும் தீனியில் சேர்வது நலம். மாதம் ஒருமுறையாவது எல்லாக் கோழிகளின் உள்ளங்காலையும் திருப்பிப் பார்ப்பவருக்கு அறுவை தேவைப்படும் நிலை நேர்வது அபூர்வம்.

சிகிச்சை செய்வோர் கையுறை அணிவதும், பின்னர் சோப்பிட்டுக் கழுவுவதும் அவசியம். இதே கிருமி மனிதருடைய காயங்களிலும் சீழ் உண்டாக்கும், உணவில் பெருகினால் நஞ்சும் சுரக்கும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுக்கப்படும் நாட்களில் அக்கோழியின் முட்டையை உண்ணலாகாது. மருந்தை நிறுத்திய பின் எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறுபடுவதால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே அதைக் கேட்டறிய வேண்டும்.